மரியாதைக்கு மாதம் அறுநூற்று நாற்பத்தைந்து

முத்துசாமி எதையும் ஆராயாமல் வாங்குபவர் அல்லர். காத்தோங்கில் இருந்த விலையுயர்ந்த கூட்டுரிமை வீட்டை விற்றுவிட்டுப் புக்கிட் பாத்தோக்கில் நான்கறை அரசு வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, சோறு வடிக்கும் மின்பானை ஒன்றுக்காக ஏழு கடைகளின் விலையைக் கணினியில் அட்டவணையிட்டு, இரண்டு வாரம் சிந்தித்து, பழைய பானையே போதும் என்ற முடிவுக்கு வந்தவர். அப்படிப்பட்டவர், தஞ்சோங் செம்பாக்கா கோல்ஃப் கிளப்பின் உறுப்பினர் உரிமைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்கிட உட்கார்ந்தபோது, அந்த முயற்சி ஓர் ஆய்வேட்டின் கம்பீரத்தோடு தொடங்கியதில் வியப்பில்லை.

அவருக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. எட்டு மாதமாகப் பயிற்சித் திடலுக்குப் போய்வந்ததில் பந்து பெரும்பாலும் வலப்பக்கத்து வலையோடு மட்டுமே நெருங்கிப் பழகியிருந்தது. ஆனால் அவர் வாங்க நினைத்தது விளையாட்டை அன்று. கப்பல்களுக்கு உதிரிப்பாகம் விநியோகிக்கும் நிறுவனமொன்றில் அவர் துணைப் பொது மேலாளர். முப்பத்தோர் ஆண்டுகளாக அந்த நிறுவனத்தின் முக்கிய முடிவுகள் யாவும் புதன்கிழமை பிற்பகலில் ஏதோவொரு புல்தரையில் எடுக்கப்பட்டு, வியாழக்கிழமை காலையில் மின்னஞ்சலாக அவரை வந்தடைந்தன. மார்ச் மாதத்தோடு ஓய்வு. அதற்குப் பிறகு தம் பெயர் அட்டையில் பெயருக்குக் கீழே அச்சிட என்ன இருக்கும் என்ற கேள்வி அவரை வாட்டியது. ‘உறுப்பினர், தஞ்சோங் செம்பாக்கா கோல்ஃப் கிளப்’ என்ற வரியை ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். எழுத்து அழகாக இருந்தது.

வீடு மாறியதில் கையில் நின்ற ரொக்கம் இரண்டு லட்சம் வெள்ளி, அதாவது டாலர். அந்தப் பணத்துக்கு இன்னொரு பங்காளி உண்டு. மனைவி சிவகாமசுந்தரி பத்தொன்பது வயதில் மருத்துவமனையில் தாதியாகச் சேர்ந்தவள், இப்போது ஐம்பத்தொன்பது. நாற்பது ஆண்டு இரவுப் பணி அவளுடைய கால் நரம்புகளில் நீலமாகப் படிந்து கிடந்தது. டிசம்பரோடு வேலையை விட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். சேமநிதியிலிருந்து மாதத்தொகை வரத் தொடங்கும்வரை தாக்குப்பிடிக்க எண்பதாயிரம் வேண்டும். ஆகவே எல்லை எது என்பதில் அவளுக்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை.

“நூத்தி இருபது. அதுக்கு மேல நீங்க ஏத்துற ஒவ்வொரு பத்தாயிரமும் எனக்கு நாலு மாச நைட் டூட்டி. அத ஞாபகம் வச்சுக்கிட்டு ஏத்துங்க.”

முத்துசாமி அந்த மிரட்டலுக்கு அஞ்சி வழிமாறவில்லை, சுதந்திரமாகவே ஆராய்ந்தார். ஆண்டுக்கு எத்தனை முறை ஆடுவார், விருந்தினராகச் சென்றால் ஒவ்வொரு முறையும் என்ன செலவு, குளிர்காற்று வீசும் உணவகத்தில் உறுப்பினர் தள்ளுபடி எவ்வளவு என்று வரிசையாக எழுதினார். கிளப் நிற்கும் நிலத்தின் குத்தகை ஒன்பது ஆண்டுகளில் முடிகிறது; அதன் பிறகு அங்கே அடுக்குமாடி வீடுகள் எழும், உரிமைப் பத்திரம் வெறும் தாளாகும். எனவே எல்லாவற்றையும் நூற்றெட்டு மாதங்களுக்குள் அடக்க வேண்டும். அப்படி அடக்கியும் தொகை தொண்ணூற்றெட்டாயிரத்தைத் தாண்ட மறுத்தது. அப்போதுதான் விடுபட்ட ஒன்று அவருக்கு உறைத்தது. ‘மரியாதை’ என்று ஒரு வரியைச் சேர்த்து, மாதத்துக்கு இருநூறு வெள்ளி என்று மிதமாகவே மதிப்பிட்டார். மொத்தம் கிட்டத்தட்ட நூற்று இருபதாயிரம் வந்தது. ஆய்வின் முடிவு, ஆய்வு தொடங்குமுன் மனைவி சொன்ன தொகையோடு பொருந்தியதை அவர் தம் முறையியலின் வெற்றியாகவே கருதினார்.

கிளப் புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதில்லை. விலகிப்போகும் ஒருவரிடமிருந்து தரகர் மூலம் வாங்குவதுதான் வழி. லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்திரீட்டில், துணிக்கடைக்கு மேலே அலுவலகம் வைத்திருந்த ரவூப்பிடம் ஒரேயோர் உரிமை விற்பனைக்கு இருந்தது. ஊருக்குத் திரும்பும் ஜப்பானியப் பொறியாளர் ஒருவருடையது. நூற்றுப் பதினெட்டாயிரம் கிடைத்தால் போதும் என்றிருந்தார். முத்துசாமி முன்னால் வைத்த தே தாரிக் தேநீரை ஆறவிட்டு, யோசித்து, 105,001 வெள்ளி என்றார். அந்த ஒரு வெள்ளி எதற்கு என்று ரவூப் கேட்கவில்லை. தமிழர்களோடு முப்பது ஆண்டு தொழில் செய்தவர். பூஜ்யத்தில் முடியும் தொகையைக் கைநீட்டிக் கொடுக்கத் தம் வாடிக்கையாளர்களின் மனம் ஒப்பாது என்பது அவருக்குத் தெரியும். கல்யாண மொய்யாயினும் கப்பல் பேரமாயினும் கடைசியில் ஓர் ஒன்று வேண்டும்.

மாடிப்படி இறங்கி சிராங்கூன் சாலைக்கு வந்த முத்துசாமிக்கு நெஞ்சில் ஒரு குறுகுறுப்பு. அந்தச் சாலையில் தாலிக்கொடி வாங்கிய காலத்திலிருந்தே, ஒரு கடையில் விலை கேட்டுவிட்டு இன்னொரு கடையில் கேட்காமல் வீடு திரும்பிய வழக்கம் அவருக்கு இல்லை. ஒரே தரகரை நம்புவது ஏமாளித்தனம். நகைக்கடை வாசலில் நின்றபடியே, விளம்பரத்தில் கண்ட சாதியா என்ற இன்னொரு தரகரை அழைத்தார். தமக்கு தஞ்சோங் செம்பாக்கா உரிமைதான் வேண்டும் என்றார்; சந்தையில் எது வந்தாலும், யார் கேட்டாலும், அவர்களைவிட ஆயிரம் கூட்டிக் கேட்க வேண்டும், முடிவில் ஒன்று இருக்க வேண்டும் என்றார். எதுவரை போகலாம் என்று அந்தப் பெண் பணிவோடு கேட்டாள். அறிமுகமற்ற பெண்குரல் ஒன்றிடம் நூற்று இருபது என்று சொல்ல அவர் நா எழவில்லை. இரண்டு லட்சம் என்றார். வீட்டில் பார்ப்பார்கள், ஆகவே செய்தி எதுவும் அனுப்ப வேண்டாம், காரியம் முடிந்தபின் அழைத்தால் போதும் என்றும் சேர்த்துக்கொண்டார். சாதியா சொன்னதைச் சொன்னபடி செய்பவள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து எந்தச் சத்தமும் இல்லை. வேலைக்கு ஆகாதவள் என்று முத்துசாமி அவளை ஒரே வாரத்தில் மறந்தார்.

பத்து நாள் கழித்து ரவூப்பிடமிருந்து செய்தி வந்தது. இன்னொருவர் 106,001 கேட்டிருக்கிறார். யார் என்பதை பேரம் முடியும்வரை வெளியிடுவது தொழில் மரபன்று. வேறொரு தரகர் மூலம் வந்திருக்கிறது, தனக்கே பெயர் தெரியாது என்றார் ரவூப். முத்துசாமி 110,001 என்றார். 111,001 என்று பதில் வந்தது. அவர் 119,001 என்றார். 120,001 என்று வந்தது.

அந்தக் கடைசி ஒன்றை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரி தமிழன். ஐயமில்லை. அதிலும், ஒவ்வொரு முறையும் சரியாக ஆயிரம் மட்டுமே கூட்டுகிறான். ஒரு வெள்ளி அதிகமில்லை, ஒரு வெள்ளி குறைவில்லை. ஜெயிக்க வேண்டும் என்பதைவிட மேலே நிற்க வேண்டும் என்ற திமிர் அது. இந்தத் திமிரை அவர் எங்கோ பார்த்திருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளாக, குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், மொய்ப் பட்டியலில் முத்துசாமி 501 என்று இருந்தால் அடுத்த வரியில் 601 என்று இருக்கும். எழுதியவன் ரஞ்சன், சிவகாமசுந்தரியின் தங்கையை மணந்தவன், அவருடைய சகலை.

ஆதாரமின்றி ஒரு முடிவுக்கு வருவது முறையன்று என்பதால் அவர் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, ரேஸ் கோர்ஸ் சாலை உணவகத்தில் உறவினர் குழந்தையொன்றின் பிறந்தநாள் விருந்தில், ஆதாரம் தானாகவே அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. ரஞ்சனின் வலக்கை கறுத்திருந்தது. இடக்கையோ முழுக்கைச் சட்டையின் விளிம்புவரை வெளுத்துக் கிடந்தது. கோல்ஃப் ஆடுபவர்கள் இடக்கையில் மட்டும்தான் உறை அணிவார்கள் என்பதை எட்டு மாதப் பயிற்சி அவருக்குக் கற்பித்திருந்தது. மாதக்கணக்கில் வெயிலில் ஆடினாலொழிய அப்படிப்பட்ட வேறுபாடு விழாது. கேட்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்பதால் அவர் எதுவும் கேட்கவில்லை. பாயசத்தை மட்டும் வழக்கத்தைவிட வேகமாகக் குடித்தார்.

அன்று மாலை அட்டவணையில் மரியாதையின் விலை மாதத்துக்கு இருநூற்றைம்பது ஆயிற்று. புதன்கிழமைக்குள் நானூறைத் தொட்டது. புல்தரை அதே புல்தரை, குத்தகை அதே குத்தகை; ஆனால் ரஞ்சன் வேண்டும் என்று நினைக்கும் ஒரு பொருள் பழைய விலையில் எப்படி நிற்கும்? 125,001 என்றார். 126,001 வந்தது. 140,001 என்றார். 141,001. நூற்றைம்பதைக் கடந்தபோது, அந்த ஜப்பானியர் இருமுறை ரவூப்பை அழைத்து, இவர்களுக்குக் குத்தகை விவரம் தெரியுமா, முறைப்படி சொல்லியாகிவிட்டதா என்று கவலையோடு விசாரித்தாராம்.

சிவகாமசுந்தரி ஒருநாள் காலை வேலையிலிருந்து திரும்பி, கால்களைச் சுடுநீரில் வைத்தபடி, பேரம் எங்கே நிற்கிறது என்று கேட்டாள். இழுத்துக்கொண்டே போகிறது, மனம்போல முடியும் என்றார் முத்துசாமி. அவர் மனத்தைப் பொறுத்தவரை அது பொய்யன்று. அவள் ராஜினாமாக் கடிதத்தை மகளிடம் கொடுத்து அச்சிட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள். நல்லது என்றார்.

முடித்துவிடலாம் என்ற யோசனை ரவூப்புடையது. விற்பவருக்கு வெள்ளிக்கிழமை விமானம். நூற்று அறுபத்தெட்டு என்பது சீனர்களுக்கு வளம் கொழிக்கும் எண், அந்தத் தொகையில் கேட்டால் மறுபேச்சிருக்காது என்றார். ஜப்பானியருக்கு அந்த எண்ணால் என்ன என்று இருவருமே யோசிக்கவில்லை. சீனருடைய அதிர்ஷ்டத்தின் மேல் தமிழருடைய அதிர்ஷ்டத்தையும் ஏற்றிவைத்து முத்துசாமி 168,001 என்றார். அரைமணி நேரத்தில் சம்மதம் வந்தது. பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டினார். மரியாதை மாதத்துக்கு அறுநூற்று நாற்பத்தைந்து வெள்ளியில் வந்து நின்றது.

வெற்றி என்பது தோற்றவன் முகத்தைப் பார்க்கும்வரை முழுமை பெறுவதில்லை. மறுநாள் ரஞ்சனை மதிய உணவுக்கு அழைத்தார். வாழையிலை விரித்து மீன்தலைக்கறி வரும்வரை பொறுத்திருந்து, தஞ்சோங் செம்பாக்காவில் உறுப்பினராகப் போகும் செய்தியைத் தற்செயலாக நினைவு வந்ததுபோல் வெளியிட்டார். ரஞ்சனின் முகத்தில் அவர் தேடிய நிழல் படரவில்லை. ரஞ்சன் மனமார மகிழ்ந்தான். ஓய்வுக் காலத்தில் ஒரு பொழுதுபோக்கு அவசியம் என்றான். நீங்களும் முயன்றதாகக் கேள்விப்பட்டேனே என்று முத்துசாமி தூண்டில் போட்டார். தனக்கு அந்த ஆட்டத்தில் எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது என்றான் ரஞ்சன். அப்படியானால் அந்த இடக்கை? குளியலறையில் வழுக்கி விழுந்து ஆறு வாரம் மாவுக்கட்டில் கிடந்ததாம். அக்காவுக்குத் தெரியுமே, அவர்தான் மருத்துவமனையில் வரிசை பிடித்துக் கொடுத்தார் என்றான்.

பிறகு, மரியாதைக்காக, விலையைக் கேட்டான். முத்துசாமி சொன்னார். ரஞ்சன் மெல்லுவதை நிறுத்தினான்.

“கட்டடத்தோடயாண்ணே?”

“இல்ல. மெம்பர்ஷிப்.”

“ஆயுசுக்குமா?”

“ஒன்பது வருஷம்.”

ரஞ்சன் குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தான். மீன்தலையின் சதைப்பற்றான பக்கத்தைப் பிய்த்து, நோய்ப்படுக்கையில் இருப்பவருக்கு ஊட்டும் கனிவோடு, சகலையின் இலையில் வைத்தான்.

“சாப்பிடுங்கண்ணே. ஒண்ணும் யோசிக்காதீங்க லா.”

ரயில் நிலையத்துக்கு நடக்கையில், ரஞ்சன் இல்லையென்றால் வேறு யார் என்ற கேள்வி அவரைத் துளைத்தது. ஃபேரர் பார்க் நிலையத்தின் வாசலில் கைப்பேசி ஒலித்தது. சாதியா. அந்தப் பெயரை நினைவுக்குக் கொண்டுவரவே அவருக்குச் சில நொடி ஆயிற்று. அவள் குரலில் உண்மையான துக்கம் இருந்தது.

“சார், என்னை மன்னிச்சிடுங்க. நீங்க சொன்ன மாதிரியே ஆயிரம் ஆயிரமா ஏத்திக்கிட்டே போனேன். கடைசில யாரோ ஒரு கிறுக்கன் 168,001 குடுத்துத் தூக்கிட்டுப் போயிட்டான். ஒரு மணி நேரம் குடுத்திருந்தா விட்டிருக்க மாட்டேன் சார். நம்ம கையில இன்னும் முப்பதாயிரம் இருந்துச்சு.”

அவளுக்கு அவர் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. பரவாயில்லை, முயற்சி செய்தீர்களே என்றார். நன்றி என்றும் சொன்னார்.

நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்து மூன்று ரயில்களைப் போகவிட்டபோது அவரை வருத்தியது பணமன்று. இந்த ஊரில் அறுபது லட்சம் பேர் இருக்கிறார்கள். அந்தப் புல்தரையை அந்த விலைக்கு விரும்பியவர் தம்மைத் தவிர வேறு எவருமே இல்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவர் படிப்படியாக உயர்த்திய மரியாதைக்குச் சந்தையில் இருந்தது ஒரே ஆள். வாங்கியவனும் அவன், விலையேற்றியவனும் அவன்.

ரவூப்பிடம் விசாரித்தார். பின்வாங்கினால் முன்பணம் போகும், பதினாறாயிரத்து எண்ணூறு. வாங்கி இன்றே மறுபடி விற்றால் நூற்றைந்து தேறலாம். கணக்கு என்னவோ மின்பானைக் கணக்கைவிட எளிது: முன்பணத்தை விட்டுத் தொலைத்தால் மனைவியின் எண்பதாயிரத்தில் ஒரு வெள்ளியும் குறையாது, டிசம்பரில் அவள் வீட்டில் இருப்பாள். ஏழு கடை ஏறி இறங்கியவருக்கு இது தெரியாததன்று. ஆனால் கிளப்பின் அறிவிப்புப் பலகையில் அவர் பெயர் ஏறிவிட்டது. நிறுவனத்தில் நிர்வாக இயக்குநர் இருக்கையை விட்டு எழுந்துவந்து கைகுலுக்கி, இனிப் புதன்கிழமைகளில் சந்திப்போம் என்று முப்பத்தோர் ஆண்டுகளில் முதன்முறையாகச் சொல்லியிருந்தார். அந்தக் கையை எப்படித் திருப்பிக் கொடுப்பது? மூன்று நாள் தவித்துவிட்டு, நான்காம் நாள் மீதித் தொகையை முழுவதும் கட்டினார். கட்டிய பிறகுதான் மனைவியிடம் சொன்னார்.

சொன்னது ஒரு காலைப்பொழுதில். அவள் சீருடையைக்கூட மாற்றவில்லை. அட்டவணையைத் திறந்து, வரிவரியாக, தம் தரப்பு நியாயங்களோடு விளக்கினார். மரியாதை என்ற வரியை அவள் இருமுறை படித்தாள். எதிர்த்துக் கேட்டது யார் என்று மட்டும் விசாரித்தாள். ரவூப், சாதியா, ரஞ்சனின் கை என்று எல்லாவற்றையும் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

“அப்ப உங்கள எதிர்த்து நின்னது நீங்கதான்.”

“ஒரு வகையில பாத்தா… ஆமா.”

“கடைசில யாரு ஜெயிச்சா?”

முத்துசாமி அட்டவணையை மூடினார். அவள் கத்தவில்லை, அழவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் படுக்கையில் கிடப்பவர்களின் அபத்தங்களையெல்லாம் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்ப் பழகியவள். சுடுநீரில் காலை வைத்துக்கொண்டு, விரல்விட்டு எண்ணினாள்.

“நாப்பத்தெட்டாயிரம். இருபது மாசம் வருது. இருபது மாசத்துல நான் ஒரு நாள்கூடக் குறைக்கப் போறதில்ல. ஆனா அந்த வேலைய யாரு பாக்கணும்னு நான் எங்கயும் சொல்லலையே.”

ராஜினாமாக் கடிதத்தைப் போன வாரமே கொடுத்துவிட்டதாகத் தெரிவித்தாள். டிசம்பர் முப்பத்தொன்று கடைசி நாள். அவருடைய நிறுவனத்தில் ஓய்வு வயதுக்குப் பிறகும் ஆண்டுக்கோர் ஒப்பந்தமாக மறுவேலை தருகிறார்களே, அந்தப் படிவத்தை இன்றே கேட்டு வாங்கிவரச் சொன்னாள். பிறகு படுக்கையறைத் திரையை இழுத்துவிட்டுத் தூங்கப் போனாள். அவள் அவ்வளவு நிம்மதியாகக் குறட்டை விட்டு அவர் கேட்டதில்லை.

நிறுவனம் மகிழ்ச்சியோடு சம்மதித்தது. பதவி ‘ஆலோசகர்’ ஆயிற்று. சம்பளம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தேநீர் உபசாரத்தில் நிர்வாக இயக்குநர், ஓய்வு வாசல்வரை வந்தும் உழைப்பைக் கைவிடாத இத்தகைய மனிதர்களை இளையோர் பின்பற்ற வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார். எல்லாரும் கைதட்டினர். ஆலோசகருக்குரிய பணிகளில் ஒன்று, புதன்கிழமை பிற்பகல்களில் மேலதிகாரிகள் வெளியே சென்றிருக்கும்போது அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வது. சில புதன்கிழமைகளில் அவர்கள் தஞ்சோங் செம்பாக்காவுக்கே போனார்கள். உறுப்பினர் ஒருவர் பெயரில் முன்பதிவு செய்தால் கட்டணம் குறைவு என்பதால், முத்துசாமியே இருக்கையிலிருந்தபடி முன்பதிவு செய்து கொடுத்தார்.

உறுப்பினரின் துணைவருக்கு நீச்சல்குளமும் உடற்பயிற்சிக் கூடமும் இலவசம் என்பதை அவருடைய அட்டவணை கவனிக்கத் தவறியிருந்தது. கிளப் அனுப்பிய கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்தவள் சிவகாமசுந்தரி. கட்டிய காசை யாராவது ஒருவர் அனுபவிக்க வேண்டுமல்லவா என்று கேட்டாள். ஜனவரியில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள்; பிப்ரவரிக்குள் கையை வீசி மறுகரைக்குப் போகக் கற்றுக்கொண்டாள். வார நாள்களில் காலை ஒன்பதுக்குக் குளத்தில் கூட்டமே இருக்காதாம். நீரில் கிடக்கும்போது கால்கள் தன்னுடையவை போலவே இல்லை என்று தங்கையிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்ததை அவர் ஒருமுறை அடுத்த அறையிலிருந்து கேட்டார்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தொலைந்துபோன வால்வுப் பெட்டிகள் இரண்டைப் பற்றி பத்தாவது மின்னஞ்சலைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது. குளத்தின் நீலத்தில் இரண்டு பாதங்கள் நீட்டியிருந்த படம் ஒன்று. அதற்குக் கீழே இரண்டு வரி.

“தண்ணி நல்லா இருக்கு. இந்த மாசச் சந்தா இன்னும் கட்டலையாம், கவுண்டர்ல கேட்டாங்க.”

முத்துசாமி வால்வுப் பெட்டிகளை ஒதுக்கி வைத்துவிட்டுச் சந்தாவைக் கட்டினார்.